டெலிகேட் ஆர்ச் எவ்வளவு உயரம்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்குப் பக்கத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே உள்ள டெலிகேட் ஆர்ச் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். காலண்டரில், கம்ப்யூட்டர் திரையில், யூட்டா பதிவு எண் பலகை மாட்டிய ஏதாவது ஒரு காரின் பின்னால். செம்பாறையில் ஒற்றை வளைவு, பின்னால் பனி போர்த்திய லா சால் மலைகள், அந்தி வெயில். அந்தப் படத்தை மனதில் கொண்டுவந்து ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த வளைவு எவ்வளவு உயரம்?

ஆபீஸில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு ஆள் உயரம் இருக்குமா?" என்பதில் ஆரம்பித்து "இருபது மாடி" வரைக்கும் பதில் வந்தது. உண்மையில் சுமார் 16 மீட்டர். ஐந்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட பாறைகளில் ஒன்றின் படம், அந்தப் பாறையின் அளவைச் சொல்லவே இல்லை. பாலைவனப் பாறைகளை நாம் படமெடுக்கும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பது என் கட்சி. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

போன அக்டோபரில் இரண்டு குடும்பமாக அங்கே போனோம். வுல்ஃப் ரேஞ்ச் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். போக வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 150 மீட்டர். தூரம் பெரிசில்லை, ஆனால் பாதி வழி வெறும் மொட்டைப் பாறை, நிழல் கிடையாது. கடைசியில் ஒரு பாறை விளிம்பை ஒட்டித் திரும்பினால் வளைவு சட்டென்று எதிரே நிற்கும். நான் எடுத்த படத்தில் வளைவின் காலடியில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு அம்மா நிற்கிறார். வாட்ஸப் குழுவில் போட்டதும் நண்பர் ஒருவர், "சார், சூப்பர். அந்த லேடியை மட்டும் எரேஸ் பண்ணிடுங்க, பெர்ஃபெக்ட்" என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் போனிலேயே அழித்துத் திருப்பி அனுப்பியும் விட்டார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ரெண்டாவது நம்ம வீட்டு ஸ்டேப்ளர் மாதிரி இருக்கு" என்றாள். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

அந்த அம்மாவை அழிக்கச் சொன்னது நண்பரின் தனிப்பட்ட ருசி இல்லை. அங்கே நேரில் போனாலும் இதேதான் நடக்கிறது. வளைவுக்கு எதிரே கிண்ணம் மாதிரி ஒரு பாறைச் சரிவு. சாயங்காலம் அதன் விளிம்பில் டிரைபாடுகள் வரிசை கட்டும். வளைவுக்கு அடியில் யாராவது போய் நின்றால், கொஞ்ச நேரத்தில் "தள்ளிப் போங்க" என்று குரல் வரும். ஆளில்லாத பாறைதான் அசல் பாறை என்று எப்படியோ நமக்குள் பதிந்துவிட்டது. இந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனதில் கிடைத்ததைக் கீழே தருகிறேன்.

அமெரிக்க மேற்குப் பகுதியின் பாறைகளை முதலில் முறையாகப் படமெடுத்தவர்கள் கலைஞர்களாகப் போகவில்லை. அரசாங்கம் அனுப்பிய நில ஆய்வுக் குழுக்களோடு சம்பளத்துக்குப் போனவர்கள். அவர்களில் எனக்குப் பிடித்தவர் டிமோதி ஓ'சல்லிவன். 1867 முதல் 1869 வரை கிளாரன்ஸ் கிங் குழுவிலும், 1871, 1873, 1874 ஆண்டுகளில் ஜார்ஜ் வீலர் குழுவிலும் வேலை பார்த்தவர். அன்றைக்குக் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ரசாயனம் பூசி, அதன் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். அதனால் இருட்டறையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1867இல் நெவாடாவின் கார்சன் பாலைவனத்து மணல்மேடுகளை அவர் எடுத்த படத்தில் அந்த வண்டியும் அதை இழுத்த கோவேறு கழுதைகளும் இருக்கின்றன. வண்டியிலிருந்து கேமரா இருக்கும் இடத்துக்கு அவர் நடந்து வந்த காலடித் தடமும் மணலில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அந்தத் தடம்தான் முதலில் எரேஸ் ஆகும்.

1873இல் நியூ மெக்சிகோவின் எல் மோரோ பாறையில் ஸ்பானியர்கள் வெட்டி வைத்த கல்வெட்டைப் படமெடுத்தபோது, எழுத்துகளுக்குக் கீழே ஒரு அளவுகோலைப் பொருத்தி எடுத்தார். நம்ம ஊர்க் கல்வெட்டுக்காரர்கள் யாரும் இதை விநோதமாக நினைக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் படம் இன்று கலைப் படமாகவும் கொண்டாடப்படுகிறது. அளவுகோல் அதன் அழகைக் கொஞ்சமும் கெடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த நேர்க்கோடு இல்லாவிட்டால் படமே தொய்ந்துவிடும்.

இங்கே ஒரு ஒப்பீடு செய்யலாம். அதே 1873இல் அரிசோனாவின் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைச் சுவரின் பொந்துக்குள் பழங்குடிகள் கட்டிய பழைய வீடுகளை ஓ'சல்லிவன் எடுத்தார். 1942இல் ஆன்சல் ஆடம்ஸ் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று, ஏறக்குறைய அதே வெயிலில், அதே காட்சியை எடுத்தார். ஓ'சல்லிவனின் படங்களை ஆடம்ஸ் நன்றாக அறிந்தவர். இரண்டையும் சேர்த்துப் பாருங்க. பாறைச் சுவரில் வழியும் கறுப்புக் கோடுகளை ஆடம்ஸ் கொண்டுவந்திருக்கும் நேர்த்திக்கு முன்னால் பழைய படம் வெளிறித் தெரியும். ஆனால் ஓ'சல்லிவன் படத்தில் அந்த வீடுகளில் ஆட்கள் நிற்கிறார்கள். எறும்பு மாதிரி. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகும். கண்டுபிடித்த அடுத்த நொடி பாறைச் சுவர் பல மடங்கு வளர்ந்து உங்கள் மேல் சாயும். ஆடம்ஸ் படத்தில் அந்த ஆட்கள் இல்லை. கோடுகள் இருக்கின்றன, வெளிச்சம் இருக்கிறது, பாறை பாறையாக ஜொலிக்கிறது. எவ்வளவு பெரிசு என்பது மட்டும் இல்லை.

ஆடம்ஸைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் காட்ட நினைத்தது வேறு, அதை முழுசாகக் காட்டினார். அவரைப் பார்த்து வளர்ந்த மூன்று தலைமுறை, அவருடைய தேர்வை ஒரு விதியாக மாற்றிக்கொண்டதுதான் பிரச்சினை. ஆளை எடுத்தால் அளவு மட்டும் போவதில்லை. கேன்யன் டி ஷே இன்றைக்கும் நவஹோ மக்கள் குடியிருந்து விவசாயம் செய்யும் இடம். டெலிகேட் ஆர்ச் பாதையின் தொடக்கத்திலேயே யூட் பழங்குடியினர் செதுக்கிய குதிரை வீரர்களும் காட்டு ஆடுகளும் ஒரு பாறையில் இருக்கின்றன. பார்க்கிங்கிலிருந்து சில நிமிஷ நடைதான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து வந்த படங்களில் அந்தப் பாறை இரண்டே இரண்டு. வளைவு இருநூற்றுக்கு மேல்.

அதற்காக ஓ'சல்லிவனைச் சத்தியசந்தன் என்றும் சொல்ல முடியாது. யூட்டாவில் விட்சஸ் ராக்ஸ் என்ற பாறைக் கூட்டத்தை 1869இல் எடுத்தபோது கேமராவையே சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார். படத்தில் அந்த இடம் உண்மையில் இருப்பதைவிட விபரீதமாகத் தெரியும். இது நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வெளியே வந்தது. வந்த விதம் சுவாரசியமானது.

1977 முதல் 1979 வரை மார்க் க்ளெட் என்ற புகைப்படக்காரரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆய்வுக் குழுக்கள் படமெடுத்த 120க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய், கேமரா இருந்த அதே புள்ளியில் நின்று, அதே பருவத்தில், அதே நேரத்தில் மறுபடி படமெடுப்பது. கேட்பதற்குச் சுலபம். செய்வது எப்படி? முன்னால் இருக்கும் ஒரு பாறையின் விளிம்பு, பின்னால் இருக்கும் மலைச்சரிவை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பழைய படத்தில் பார்க்க வேண்டும். நீங்கள் இடது பக்கம் ஓரடி நகர்ந்தால் அந்த வெட்டுப்புள்ளி நகரும். முன்னே பின்னே போனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் விகிதம் மாறும். அவர்கள் போலராய்டில் ஒரு சோதனைப் படம் எடுத்து, அதில் இடைவெளிகளை அளந்து, பழைய பிரதியில் உள்ள விகிதத்தோடு ஒப்பிட்டு, கேமராவை நகர்த்தி, மறுபடி சோதித்து, இப்படியே நெருங்கிப் போனார்கள். நிழல் விழும் இடத்தை வைத்து நேரத்தைப் பிடித்தார்கள். சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்வதானால், இரண்டு கமிட்டுக்கு நடுவே டிஃப் எடுக்கும் வேலை. கேமரா நின்ற புள்ளி சரியாக இல்லையென்றால் டிஃப் முழுக்கக் குப்பை. விட்சஸ் ராக்ஸில் எல்லாம் பொருந்தியும் தரை மட்டும் பொருந்தாமல் போனபோதுதான் சாய்வு மாட்டிக்கொண்டது. 1984இல் 'செகண்ட் வ்யூ' என்ற புத்தகமாக இந்தப் படங்கள் வந்தன. 1990களின் கடைசியில் அதே இடங்கள் பலவற்றுக்கு மூன்றாம் முறையும் போனார்கள்.

அந்தப் புத்தகத்தில் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எதுவுமே மாறாத ஜோடிகளைத்தான். நூறு வருஷத்துக்கு அப்புறமும் அதே கூழாங்கல் அதே இடத்தில் கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஒரு மலையோரமே காணாமல் போயிருக்கும். பாறை என்றைக்கும் நிலையானது என்பதும் பொய், நாளுக்கு நாள் கரைகிறது என்பதும் பொய் என்று அந்த ஜோடிகள் சொல்லும். ஒற்றைப் படத்தால் இதைச் சொல்லவே முடியாது.

ஆர்ச்சஸில் இது வெறும் தத்துவம் இல்லை. அந்த இடத்தின் கதையே நகர்வுதான். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுப்போன உப்புப் படுகை அடியில் கிடக்கிறது. மேலே பாறை அடுக்குகளின் பாரம் ஏற ஏற உப்பு பிதுங்கி நகர்ந்தது. மேலிருந்த மணற்பாறை வளைந்து, இணைகோடுகளாக விரிசல் விட்டது. விரிசல்களில் நீர் இறங்கி அகலமாக்க, நடுவே மெல்லிய பாறைச் சுவர்கள் மிஞ்சின. மழைநீர் மணலைப் பிணைக்கும் சுண்ணத்தைக் கரைக்கும், குளிரில் உறைந்து பாறையைப் பிளக்கும். சுவரில் ஓட்டை விழுந்தால் வளைவு. ஓட்டை எந்தத் திசையிலாவது 3 அடி இருந்தால்தான் வளைவு என்று கணக்கு. அப்படி 2,000க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். (2 அடி 11 அங்குல ஓட்டைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 2014இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில், பிராக் நகரத்து சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு வெளியிட்டது. செக் நாட்டுக் குவாரி ஒன்றில் கிடைக்கும் மணற்பாறையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மேலே பாரம் வைத்து, நீரால் அரிக்க விட்டார்கள். பாரம் இல்லாத இடத்தில் மணல் உதிர்ந்து போனது. அரிக்க அரிக்கத் துண்டு மெலிகிறது. மெலிய மெலிய மிச்சம் இருக்கும் பகுதியின் மேல் அழுத்தம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் மணல்மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு அரிப்பு நின்றுவிடுகிறது. தூண், வளைவு எல்லாம் அந்தச் சின்னத் துண்டுகளிலேயே உருவாயின. அதாவது வளைவின் அந்த அழகான கோடு, பாரம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பதன் வரைபடம். இதைப் படித்த பிறகு டெலிகேட் ஆர்ச் படங்களில் நான் வெளிச்சத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலான படங்களில் ஒரு கால் நிழலில் முழுகிக் கிடக்கிறது. அந்தி வெயிலின் உபயம்.

பூட்டும் ஒருநாள் விடும். லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் குறுக்களவு ஏறக்குறைய 90 மீட்டர். 1991 செப்டம்பர் 1 அன்று அதன் மெலிந்த பகுதிக்கு அடியிலிருந்து 60 அடி நீளப் பாறைப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அப்போது அங்கே இருந்த ஒரு சுற்றுலாப் பயணியின் கேமராவில் அது பதிவாகிவிட்டது. 1995இல் மறுபடி கற்கள் விழ, அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். இணையத்தில் பழைய தபால் அட்டை ஒன்று வாங்கினேன். தேதி இல்லை. ஆனால் அந்தப் பலகை அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் 1991க்கு முந்தையது என்று சொல்லிவிடலாம். கலைநயம் எதுவும் இல்லாத, நல்ல வெளிச்சத்தில் எடுத்த சாதாரண அட்டை. என் படத்தோடு வைத்துப் பார்த்தால் விளிம்பு எங்கே குறைந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அதே பாதையில் இன்னும் உள்ளே போனால் வால் ஆர்ச் இருந்தது. சுமார் 22 மீட்டர் அகலம். 2008 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு இடிந்து விழுந்தது. யாரும் பார்க்கவில்லை.

படத்தில் பாறையை உறைய வைக்கும் ஆசை படத்தோடு நிற்பதில்லை. 1950களில் டெலிகேட் ஆர்ச்சின் மேல் பிளாஸ்டிக் பூச்சு அடித்து அரிப்பைத் தடுக்கலாமா என்று பூங்கா நிர்வாகமே யோசித்துப் பார்த்துக் கைவிட்டது. 2000இல் ஒரு தொழில்முறைப் புகைப்படக்காரர், இரவுப் படம் எடுக்கக் கற்றுத்தருகிறேன் என்று அதே வளைவின் அடியில் நெருப்பு மூட்டி, பாறையில் கறை படிய வைத்து, நீதிமன்றம் வரை போனார். இவை பெரிய சம்பவங்கள். தினசரி நடப்பது சின்னது. பாதைக்கு வெளியே கறுப்பாக, பொருக்குத் தட்டினாற்போல் மண் கிடக்கும். அது சயனோபாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து கட்டிய உயிருள்ள தோல். மணல் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். ஒரு காலடி பட்டால் ஆற பல பத்தாண்டுகள் ஆகும். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போனா ஃப்ரேம் நல்லா வரும்" என்று போகிறவர் கால் வைப்பது அதன் மேல். பாறையின் வடிவம் மட்டும்தான் விஷயம் என்று கண்ணைப் பழக்கிவிட்டால், கீழே இருப்பதெல்லாம் வழியில் கிடக்கும் தூசுதான்.

என் கட்சிக்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. ஆளில்லாத அழகுப் படங்கள்தான் இந்த இடங்களைக் காப்பாற்றின என்பது. பாதி உண்மை. 1950களில் யூட்டா, கொலராடோ எல்லையில் உள்ள டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள் எக்கோ பார்க் அணை கட்டத் திட்டமிட்டபோது, ஃபிலிப் ஹைட் எடுத்த படங்களோடு 1955இல் வெளிவந்த 'திஸ் இஸ் டைனோசர்' புத்தகம் எதிர்ப்புக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது. அணை வரவில்லை. அந்தப் படங்களுக்கு ஒரு வேலை இருந்தது, செய்தன. இப்போது ஆர்ச்சஸுக்கு ஆபத்து ஆள் வராமல் போவதால் இல்லை. 2021இல் 18 லட்சம் பேர் வந்து, அடுத்த வருஷம் நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் வர வேண்டும் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. பழைய வேலை முடிந்த பிறகும் அதே படத்தையே நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எலியட் போர்ட்டர் விஷயம் வேறு. கொலராடோ ஆற்றின் க்ளென் கேன்யன் அணைக்குள் மூழ்குவதற்கு முன்னால் அங்கே போய் எடுத்த வண்ணப் படங்கள், 1963இல் 'தி பிளேஸ் நோ ஒன் நியூ' என்று வந்தன. அதே வருஷம் அணையின் கதவுகளை மூடிவிட்டார்கள். அவருடைய படங்களிலும் ஆட்களைக் காணோம். ஆனால் அவர் பிரம்மாண்டத்தின் பின்னால் போகவில்லை. பாறையில் கசியும் நீரின் கறை, ஓடைத் தண்ணீரில் விழும் சுவரின் நிறம், ஒரு செடியின் வேர் என்று கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். செடியும் இலையும் இருக்கும் இடத்தில் அளவுகோல் தேவையில்லை. அவை என்ன பெரிசு என்று நமக்கே தெரியும்.

2023 ஆரம்பத்தில் அந்த அணையின் நீர்த்தேக்கமான லேக் பவல், நிரம்பிய காலத்திலிருந்து இல்லாத அளவுக்குக் கீழே இறங்கியது. போர்ட்டர் எடுத்த சில இடங்கள் அதற்கு முன்பே வெளியே தலைகாட்டத் தொடங்கியிருந்தன. கதீட்ரல் இன் தி டெசர்ட் என்ற குகை போன்ற பாறை அரங்கம் அதில் ஒன்று. சுவர்களில் தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் வெள்ளைப் படிவம், ஓடையில் வண்டல். அந்த அரங்கத்தின் போர்ட்டர் படத்தையும், இப்போது படகில் போகிறவர்கள் போடும் படங்களையும் வைத்து க்ளெட் முறையில் கேமரா நின்ற புள்ளியைக் கணக்கிட முயன்றுகொண்டிருக்கிறேன். இதுவரை ஏழு படங்கள் பார்த்தேன். ஐந்தில் பொருத்திப் பார்க்க ஒரு விளிம்புகூடக் கிடைக்கவில்லை, எல்லாம் ஒளிக்கற்றை விழும் நேரத்தில் எடுத்தவை, மிச்சமெல்லாம் கறுப்பு. ஒன்றில் ஒரு பையன் வண்டலில் முழங்கால் வரை புதைந்து நின்று சிரிக்கிறான். கணக்கு அந்தப் படத்தில்தான் நகர்கிறது. முடிந்ததும் எண்களோடு தனிப் பதிவாகப் போடுகிறேன்.